எந்தச் சல்லடை மேலே? ஒர்க்ஃப்ளோ கேட்வேயில் ஜாவா ஆப்ஜெக்ட்

எங்க சித்தி போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் பல வருஷம் காய் பிரிக்கிற வேலை பார்த்தவர். ராசிங்காபுரத்தில் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் உடம்பெல்லாம் ஏலக்காய் வாசனையோடுதான் இறங்குவார். போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது வழக்கம்போல, "நீ என்ன வேலைதான்டா பாக்குற?" என்று கேட்டார். இருபது வருஷமாக நானும் சொல்லித்தான் பார்க்கிறேன், அவருக்குப் புரியவைக்க முடிந்ததில்லை. இந்தத் தடவை, "நீங்க சல்லடையில காய் பிரிச்ச மாதிரி, நான் கம்ப்யூட்டர்ல விண்ணப்பத்தைப் பிரிச்சு விடுறேன் சித்தி" என்றேன். அவர் உடனே கேட்டார்: "எந்தச் சல்லடைய மேல வைப்ப?"

கோட் ரிவ்யூவில் என்னை யாரும் இவ்வளவு நேரடியாகக் கேட்டதில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்கு: உலர்ந்த காயை அளவுவாரியாகப் பிரிக்க வெவ்வேறு கண் அளவுள்ள சல்லடைகளை அடுக்கி வைப்பார்கள். பெரிய கண் மேலே, சின்னக் கண் கீழே. 8 மில்லிமீட்டருக்கு மேலான காய் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். மீதி 7-க்கு இறங்கும், அதிலும் நிற்காதது 6-க்கு. "மாத்தி வச்சா எல்லாக் காயும் மேலேயே நின்னுக்கிரும். அப்புறம் கீழ இருக்குறது எதுக்கு?" என்றார் சித்தி. பெரிய காயும் சின்னக் காயும் ஒரே குவியலாகிவிட்டால் விலையும் ஒரே விலையாகிவிடும். நஷ்டம் விளைவித்தவருக்கு.

இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான். ஜாவாவில் ஓடும் ஒர்க்ஃப்ளோ என்ஜினில், பாதை பிரிகிற இடத்தில், ஒரு ஜாவா ஆப்ஜெக்ட்டை வைத்து "இப்படிப் போ, அப்படிப் போ" என்று எப்படி முடிவு செய்வது, அதில் எங்கெல்லாம் கால் வழுக்கும் என்பது. எனக்கே வழுக்கிய இடமும் இதில் உண்டு. ஜாவா தெரியாதவர்களும் ஏலக்காயைப் பிடித்துக்கொண்டு கூடவே வரலாம்.

லாட்டின் பயணம்

எங்கள் ஊரில் நின்று மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. காய் பெரும்பாலும் விளைவது அங்கே, இடுக்கி மாவட்டத்தில். தோட்ட வேலைக்கு எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து தினமும் ஜீப்பில் ஏறிப் போய் வருகிறார்கள். விளைந்த காய் ஏலத்துக்கு வருகிற இடங்கள் இரண்டு: மலை மேல் புற்றடி, அடிவாரத்தில் போடிநாயக்கனூர். நறுமணப் பொருள் வாரியம் 1987 பிப்ரவரி 26-இல் உருவானது. அதற்கு முன்னால் இருந்த ஏலக்காய் வாரியத்தையும் நறுமணப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பையும் ஒன்றாக்கி அமைத்தார்கள். அதே 1987-இல் வந்த ஏலக்காய் உரிமம் மற்றும் விற்பனை விதிகளின்படிதான் ஏலதாரருக்கும் வியாபாரிக்கும் உரிமம் தருகிறார்கள். ஒரு காலத்தில் குரல் ஏலம். இப்போது வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை ஏற்றுகிறார்கள்.

ஒரு லாட் போகிற வழியைப் பாருங்கள். விவசாயி மூட்டையைக் கொண்டுவருகிறார். எடை போடுகிறார்கள், லாட் எண் விழுகிறது, சாம்பிள் எடுக்கிறார்கள், ஏலம் நடக்கிறது, பில் போடுகிறார்கள், சரக்கு போகிறது, பணம் வருகிறது. பல கைகள், பல நாட்கள், நடுவில் பல "இப்படியானால்". இதைத்தான் பிசினஸ் புராசஸ் என்கிறார்கள். கீழே வருகிற மாதிரி நான் விளக்குவதற்காக என் லேப்டாப்பில் வரைந்தது. வாரியத்தின் மென்பொருளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இப்படிப்பட்ட பயணத்தைப் படமாக வரைவதற்கு ஒரு பொதுமொழி இருக்கிறது: பிபிஎம்என். அதன் 2.0 பதிப்பை ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப் 2011 ஜனவரியில் வெளியிட்டது. பெட்டி என்றால் வேலை, அம்பு என்றால் வழி, வைர வடிவக் கட்டம் என்றால் கேட்வே, அதாவது பாதை பிரியும் இடம். படம் உள்ளுக்குள் எக்ஸ்எம்எல் கோப்பாக இருக்கும். என்ஜின் அதைப் படித்து ஓட்டும்.

ஜாவா உலகத்தில் இந்த என்ஜின்கள் எல்லாம் பங்காளி வீடுகள். டாம் பாயன்ஸ் ஜேபிபிஎம்மைத் தொடங்கினார், அது ஜேபாஸிடம் போனது. அவர் அங்கிருந்து வெளியேறி 2010-இல் ஆல்ஃப்ரெஸ்கோவில் ஆக்டிவிட்டியைத் தொடங்கினார். ஆக்டிவிட்டியிலிருந்து 2013-இல் கமுண்டா பிரிந்தது, 2016-இல் ஃப்ளோவபிள் பிரிந்தது. ஜேபிபிஎம் 5-ஆம் பதிப்பிலிருந்து ட்ரூல்ஸ் என்கிற விதி என்ஜினோடு சம்பந்தம் பண்ணிக்கொண்டது. அடுப்பு ஒரே மாதிரி இருந்தாலும் வீட்டுக்கு வீடு உப்பு வேறு. கேட்வே விஷயத்தில் அந்த உப்புதான் பிரச்சினை.

ஆப்ஜெக்ட் எதற்கு?

புராசஸ் தன்னோடு கொஞ்சம் தகவலை எடுத்துக்கொண்டு போகும். அதுதான் புராசஸ் வேரியபிள். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு தகவலையும் தனித்தனி வேரியபிளாக வைப்பார்கள்: விலை, எடை, எதிர்பார்ப்பு, வாங்குபவர் பெயர், மாநிலம் என்று. நாற்பது வேரியபிள் ஆனதும் யார் எதை மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பதிலாக லாட் என்று ஒரு கிளாஸ் எழுதி, அந்த ஒரு ஆப்ஜெக்ட்டை மட்டும் வேரியபிளாக வைத்துக்கொள்ளலாம். கண்டிஷன் இப்படி ஆகிவிடும்:

லாட்.விலை >= லாட்.எதிர்பார்ப்பு

உண்மை என்றால் "பில் போடு", இல்லையென்றால் "விவசாயியிடம் கேள்". புள்ளிக்குப் பின்னால் இருக்கிற "விலை" நேரடியாகப் புலத்தைத் தொடுவதில்லை. என்ஜின் அந்தப் பெயருக்கு முன்னால் "கெட்" சேர்த்து அப்படி ஒரு மெத்தட் இருக்கிறதா என்று தேடி, அதைக் கூப்பிடும். கெட்டர் எழுத மறந்துவிட்டு, "புலம் இருக்கே, ஏன் படிக்க மாட்டேங்குது" என்று ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

(சும்மா ஒரு தகவல்: ஜாவாவில் கிளாஸுக்கும் மெத்தடுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், கம்பைலர் ஒன்றும் சொல்லாது. அந்த மொழி தொடக்கத்திலிருந்தே யுனிகோடை ஏற்றுக்கொண்டது. பெயரின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கணுமா, சின்ன எழுத்தாக்கணுமா என்கிற கெட்டர் தொல்லையும் தமிழில் கிடையாது, நமக்கு அந்த வேறுபாடே இல்லையே. வேலையில் அப்படி எழுதினால் டீமில் அடிக்க வருவார்கள் என்பது வேறு விஷயம்.)

ஜேபிபிஎம்மில் இதற்கு இரண்டு முன்வேலை உண்டு. வேரியபிளின் வகையை ஆப்ஜெக்ட் என்று சொல்லி, கிளாஸின் முழுப்பெயரை பேக்கேஜோடு கொடுக்க வேண்டும். அந்தக் கிளாஸ் இருக்கிற ஜார் கோப்பு என்ஜினுக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். கமுண்டா 7-இல் அறிவிப்பு தேவையில்லை, கோடில் வைத்தால் போதும். ஆனால் கிளாஸ் சீரியலைசபிள் ஆக இருக்க வேண்டும். ஏன் என்பது பின்னால் வருகிறது. அங்கேதான் எனக்கு அடி விழுந்தது.

இனி சித்தியின் கேள்வி. ஒரே ஒரு வழியில் மட்டும் அனுப்புகிற கேட்வேயை எக்ஸ்குளூசிவ் என்பார்கள். அதிலிருந்து மூன்று அம்பு வெளியே போகிறது என்று வையுங்கள்: அளவு 5-க்கு மேல், 6-க்கு மேல், 7-க்கு மேல். 8 மில்லிமீட்டர் காய் மூன்றுக்குமே "ஆமாம்" என்று சொல்லும். எதில் போகும்? ஆக்டிவிட்டி, கமுண்டா குடும்பத்தில் எக்ஸ்எம்எல்லில் எது முதலில் எழுதப்பட்டிருக்கிறதோ அது முதலில் சோதிக்கப்படும், முதல் "ஆமாம்" கிடைத்தவுடன் நின்றுவிடும். படத்தில் எந்த அம்பு மேலே தெரிகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! டிசைனரில் ஒரு அம்பை அழித்துவிட்டு மறுபடி வரைந்தால் கோப்பில் அது கடைசிக்குப் போகலாம். படம் பார்க்க அப்படியே இருக்கும், சல்லடை மாறியிருக்கும். ஜேபிபிஎம்மில் ஒவ்வொரு அம்புக்கும் முன்னுரிமை எண் கொடுக்கலாம், சின்ன எண் முதலில். வெளிப்படையாகத் தெரிவதால் எனக்கு அது பிடிக்கும். எந்த என்ஜினாக இருந்தாலும் கண்டிஷன்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் "6-க்கு மேல், 7 வரை" என்று இரண்டு பக்கமும் வேலி போட்டு எழுதினால் வரிசையைப் பற்றிய கவலையே இல்லை.

எதற்குமே "ஆமாம்" வரவில்லை என்றால்? டீஃபால்ட் அம்பு இருந்தால் அதில் போகும், இல்லையென்றால் என்ஜின் பிழை காட்டி நின்றுவிடும். நிற்பது நல்லதுதான் என்று நினைக்கிறேன். பயந்துபோய் எல்லா கேட்வேயிலும் டீஃபால்ட் போட்டுவைத்தால், வரக்கூடாத காய்கூட சத்தமில்லாமல் ஏதோ ஒரு குவியலில் போய் விழுந்துவிடும்.

வெறுமை சொல்லும் பதில்

நேரத்தில் பாதியை நான் செலவழித்தது இந்தப் பகுதியில்தான்.

ஏலத்தில் யாருமே விலை கேட்காத லாட் இருக்கும். அப்போது லாட்டின் விலை வெறுமை, ஜாவாவில் நல். விவசாயி எதிர்பார்க்கும் விலையைச் சொல்லவில்லை என்றால் அதுவும் நல். இப்போது மேலே எழுதிய கண்டிஷனைக் கேளுங்கள்: லாட்.விலை >= லாட்.எதிர்பார்ப்பு. என்ன பதில் வரும்?

ஜாவாவிலேயே எழுதியிருந்தால் (பிக்டெசிமல் என்பதால் கம்பேர்டூ மெத்தடைக் கூப்பிட வேண்டும்) நல்பாயின்டர் எக்செப்ஷன் வெடிக்கும். அசிங்கம், ஆனால் நேர்மை. ஆக்டிவிட்டியும் கமுண்டா 7-உம் பயன்படுத்துகிற ஜூவெல் எக்ஸ்பிரஷன் மொழியின் கதை வேறு. அந்த மொழியின் விதிப்படி ஒரு பக்கம் மட்டும் நல் என்றால் ஒப்பீட்டின் விடை "இல்லை". இரண்டு பக்கமும் நல் என்றால், இரண்டும் சமம் என்பதால், >= கேள்விக்கு விடை "ஆமாம்"!

அதாவது யாரும் கேட்காத, விலையே இல்லாத லாட் "விற்றாச்சு, பில் போடு" என்கிற பக்கம் போகும். இதை முதலில் பார்த்தபோது என் கோடில்தான் தப்பு என்று நினைத்து நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். தப்பு கோடில் இல்லை. விதியே அப்படித்தான்.

சங்கிலியாகப் போகிறபோது இன்னும் மோசம். லாட்.வாங்குபவர்.மாநிலம் என்று எழுதுகிறீர்கள், வாங்குபவரே நல். ஜாவா வெடிக்கும். ஜூவெல் பேசாமல் நல்லைத் திருப்பித் தரும், ஒப்பீடு "இல்லை" ஆகும், டீஃபால்ட் அம்பில் போய்விடும். லாட் என்கிற வேரியபிளே இல்லை என்றால் மட்டும்தான் அது சத்தம் போடும். வீட்டுக்காரர் இல்லை என்றால் கூப்பாடு போட்டுவிட்டு, வீட்டுக்குள் பெட்டி காணவில்லை என்றால் சும்மா இருக்கிற காவல்காரர் மாதிரி.

ஜேபிபிஎம்மில் இன்னொரு வகை வழுக்கல். அங்கே கண்டிஷனை ஜாவாவில் எழுதலாம், எம்வெல்லில் எழுதலாம், ட்ரூல்ஸ் விதியாகவும் எழுதலாம். முதல் இரண்டும் புராசஸ் வேரியபிளைப் பார்க்கும். ட்ரூல்ஸ் பார்க்காது. அது பார்ப்பது ஒர்க்கிங் மெமரி என்கிற பொதுக் களஞ்சியத்தை. லாட் ஆப்ஜெக்ட்டை அந்தக் களஞ்சியத்தில் நீங்களே போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால், ஜாவாவில் "ஆமாம்" சொன்ன அதே கேள்விக்கு ட்ரூல்ஸ் "இல்லை" என்று சொல்லும். போட்ட பிறகு ஆப்ஜெக்ட்டை மாற்றினால் மாற்றியதையும் அதற்குச் சொல்ல வேண்டும். இது பரவாயில்லை, ஒரு நாளில் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடிக்கச் சிரமமானது இதுதான்: விதி என்பது "இப்படி ஒரு லாட் களஞ்சியத்தில் இருக்கிறதா?" என்று கேட்கிற கேள்வி. "என் லாட் இப்படி இருக்கிறதா?" என்ற கேள்வி இல்லை. ஒரே செஷனில் ஐம்பது லாட்டுக்கான புராசஸ்கள் ஓடினால், யாரோ ஒருவருடைய லாட் நல்ல விலைக்குப் போனதற்காக என் லாட்டுக்கும் கதவு திறக்கும். ஒரே ஒரு லாட்டை வைத்து டெஸ்ட் செய்கிறவரை எல்லாம் சரியாகவே இருக்கும். விதியில் இந்த புராசஸின் அடையாளத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்கு புராசஸ் இன்ஸ்டன்ஸையும் களஞ்சியத்தில் போட வேண்டும்.

கேள்வியை யார் கேட்பது?

பில் போடும் இடத்துக்கு வருவோம். உலர்ந்த ஏலக்காய்க்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். விற்பனை மாநிலத்துக்குள்ளேயே என்றால் மத்திய வரி 2.5, மாநில வரி 2.5. மாநிலம் தாண்டினால் ஒருங்கிணைந்த வரி 5. போடி எல்லைப்புற ஊர் என்பதால் இந்தப் பிரிவு இங்கே தினசரி விஷயம். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: தமிழ்நாடு 33, கேரளா 32. கை அரிக்கும், உடனே இப்படி எழுதத் தோன்றும்:

லாட்.வாங்குபவர்.வரிஎண்ணின்முதல்இரண்டு == "33"

இதில் இரண்டு தப்பு. ஒன்று சின்னது: இதையே ஜாவா கண்டிஷனாக எழுதினால் == என்பது இரண்டும் அதே ஆப்ஜெக்ட்தானா என்று கேட்கும், எழுத்து ஒன்றா என்று கேட்காது. டேட்டாபேஸிலிருந்து திரும்பி வந்த "33"-உம் கண்டிஷனில் எழுதிய "33"-உம் வேறு வேறு ஆப்ஜெக்ட், அதனால் எப்போதும் "இல்லை". ஈக்வல்ஸ் போட வேண்டும். ஜூவெல்லில் == போட்டாலே போதும், அது ஈக்வல்ஸைத்தான் கூப்பிடும். ஒரு என்ஜினிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் மாட்டிக்கொள்கிற இடம். பணத்தில் இதற்கு நேர்மாறு: பிக்டெசிமலின் ஈக்வல்ஸுக்கு 1500.0-உம் 1500.00-உம் ஒன்றல்ல. அங்கே கம்பேர்டூதான் சரி.

இரண்டாவது தப்பு பெரியது. சட்டம் கேட்பது "வழங்கல் இடம்" எது என்று. வாங்குபவரின் எண் எது என்று கேட்கவில்லை. பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும், எப்போதும் ஒத்துப்போகாது. சரக்கு எங்கே போய்ச் சேருகிறது, யார் சொல்லி அனுப்பப்படுகிறது என்பதெல்லாம் சேர்ந்த கேள்வி அது. அதை ஒரு அம்பின் மேல் ஒரு வரியில் எழுதக்கூடாது. லாட் கிளாஸிலோ பில் கிளாஸிலோ "மாநிலத்துக்குள்ளா" என்று ஒரு மெத்தட் எழுதி, அதற்கு டெஸ்ட் எழுதி, கேட்வேயில் அதை மட்டும் கேட்க வேண்டும். ஆப்ஜெக்ட்டை கேட்வேக்குக் கொண்டுவருவதன் உண்மையான லாபம் எனக்கு இதுதான். புள்ளி வைத்துப் புலம் புலமாகத் தோண்டுவதற்கு அல்ல, ஆப்ஜெக்ட்டிடமே ஒரு கேள்வி கேட்டு ஆம், இல்லை வாங்குவதற்கு.

விலையைப் படத்துக்குள் எண்ணாக எழுதுவதும் இதே ஜாதித் தப்பு. 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அடுத்த சில வருஷத்தில் ஆயிரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "3,000-க்கு மேல் என்றால் மேலாளர் ஒப்புதல்" என்று 2019-இல் படத்தில் எழுதியவர் வீட்டில் இரண்டு வருஷம் கழித்து அந்த மேலாளருக்கு வேலையே இருந்திருக்காது.

அன்னைக்கு நிலவரமா, இன்னைக்கு நிலவரமா

இனி எனக்கு விழுந்த அடி. ஏலக்காய் இல்லை, கடன். சில வருஷம் முன்னால் ஒரு கடன் நிறுவனத்துக்கு விண்ணப்ப ஒர்க்ஃப்ளோ எழுதினோம். விண்ணப்பம் வந்தவுடன் வாடிக்கையாளர் ஆப்ஜெக்ட்டை டேட்டாபேஸிலிருந்து எடுத்து புராசஸ் வேரியபிளாக வைத்துவிடுவோம். பல நாள் கழித்து கேட்வே கேட்கும்: வாடிக்கையாளர்.ஆவணம்சரியா. இல்லை என்றால் "ஆவணம் கொண்டுவரவும்" என்று எஸ்எம்எஸ் போகும்.

ஒரு விவசாயிக்குப் பட்டாவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், இனிஷியல் வித்தியாசம். எஸ்எம்எஸ் வந்தது, போய் திருத்தின ஆவணம் கொடுத்தார். கிளையில் உள்ளவர் வாடிக்கையாளர் திரையில் சரி செய்தார், டேட்டாபேஸில் "சரி" என்று பதிவானது. மறுபடி எஸ்எம்எஸ். மறுபடி போனார். திரையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அவர்களுக்கும் ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது தடவை போனபோது மூன்று நாள் பஸ் டிக்கெட்டையும் எடுத்து மேஜையில் வைத்தாராம். அதற்குப் பிறகுதான் பிரச்சினை எங்கள் டீமுக்கு வந்தது. அந்த கேட்வேயை எழுதியவன் நான்.

நடந்தது இதுதான். புராசஸ் ஒரு மனிதருடைய வேலைக்காகக் காத்திருக்கும்போது என்ஜின் அதன் வேரியபிள்களை எல்லாம் தன் டேட்டாபேஸில் எழுதிவைக்கும். ஆப்ஜெக்ட் என்றால் சீரியலைஸ் செய்து பைட்டுகளாக. அதற்குத்தான் கிளாஸ் சீரியலைசபிள் ஆக இருக்க வேண்டும் என்கிற நிபந்தனை. வேலை முடிந்ததும் அந்த பைட்டிலிருந்து ஆப்ஜெக்ட் மறுபடி உயிர் பெறும். அப்படி எழுந்து வருவது விண்ணப்பம் போட்ட நாளின் வாடிக்கையாளர். திருத்தப்பட்டவர் அடுத்த டேபிளில் சுகமாக இருக்கிறார், கேட்வே கேள்வி கேட்பது பழைய போட்டோவிடம். எத்தனை தடவை கேட்டாலும் அது அதே பதிலைத்தான் சொல்லும்.

திருத்தம் சின்னதுதான். கேட்வேக்கு முன்னால் ஒரு சர்வீஸ் டாஸ்க், வாடிக்கையாளர் எண்ணை வைத்து டேட்டாபேஸிலிருந்து புதிதாக எடுப்பது. ஜேபிபிஎம்மில் இதற்குத் தனி ஏற்பாடே உண்டு: ஆப்ஜெக்ட் ஜேபிஏ என்டிட்டியாக இருந்தால், முழு ஆப்ஜெக்ட்டை எழுதாமல் அதன் அடையாளத்தை மட்டும் எழுதிவைத்து, தேவைப்படும்போது டேட்டாபேஸில் தேடி எடுக்கும்படி அமைக்கலாம். ஆக்டிவிட்டியிலும் ஜேபிஏ வேரியபிள் உண்டு.

அப்படியானால் எல்லாவற்றையும் புதிதாகவே எடுத்துவிடலாமே? நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் பிடிவாதமாக இருந்தேன். ஏலக்காய் மாதிரியை வரைந்தபோதுதான் அதுவும் தப்பு என்று பட்டது. ஏலம் முடிந்த விலை அந்த நிமிஷத்தின் விலை. நாளைக்கு யாராவது டேபிளில் கை வைத்து மாற்றினால் பில் மாறக்கூடாது. அங்கே பழைய போட்டோதான் சாட்சி. வியாபாரியின் உரிமம் அப்படியல்ல, சரக்கை விடுவிக்கும் நேரத்தில் அது செல்லுமா என்று அப்போதுதான் பார்க்க வேண்டும். விவசாயியின் வங்கிக் கணக்கு பணம் அனுப்பும் நிமிஷத்தில் எது இருக்கிறதோ அது. ஒரே லாட் ஆப்ஜெக்ட்டுக்குள் மூன்று வேறு நேரங்கள். அதனால் இப்போது நான் ஒவ்வொரு கேட்வேயின் பக்கத்திலும் படத்திலேயே ஒரு குறிப்பு எழுதுகிறேன்: இந்தக் கேள்வி அன்னைக்கு நிலவரத்தைக் கேட்கிறதா, இன்னைக்கு நிலவரத்தையா. அன்னைக்கு என்றால் புராசஸில் பிரதி. இன்னைக்கு என்றால் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, கேட்வேக்கு முன்னால் எடுத்து, ஆம் இல்லை என்கிற ஒற்றைப் பதிலை மட்டும் வேரியபிளாக வைப்பது. அந்த ஒற்றைப் பதில் வரலாற்றிலும் பதிவாகும். ஆறு மாசம் கழித்து "ஏன் இந்தப் பக்கம் போச்சு?" என்று யாராவது கேட்டால் காட்ட ஒரு சாட்சி வேண்டுமே.

பைட்டாக எழுதிவைப்பதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. ரிலீஸில் கிளாஸில் ஒரு புலம் சேர்க்கிறீர்கள். சீரியல்வெர்ஷன்யுஐடி என்கிற எண்ணை நீங்களே எழுதிவைக்காவிட்டால் ஜாவா கிளாஸின் அமைப்பிலிருந்து அதைக் கணக்கிடும். அமைப்பு மாறினால் எண் மாறும், காத்திருக்கும் பழைய புராசஸ்கள் எதுவும் எழுந்திருக்காது, இன்வாலிட்கிளாஸ் எக்செப்ஷன். எண்ணை எழுதிவைத்திருந்தால் பழையவை எழுந்துவிடும், ஆனால் புதுப் புலம் அவற்றில் நல் ஆக இருக்கும். அந்தப் புலத்தை வைத்துப் புதிதாகக் கண்டிஷன் எழுதியிருப்பீர்கள். நல் இருக்கும் இடத்தில் ஜூவெல் என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம்.

புதிய என்ஜின்கள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டன. 2022-இல் வந்த கமுண்டா 8-இல் ஜாவா ஆப்ஜெக்ட் என்ஜினுக்குள் போகவே போகாது. வேரியபிள் எல்லாம் ஜேசன், கண்டிஷன் ஃபீல் என்கிற மொழியில். 2015-இல் காமன்ஸ் கலெக்ஷன்ஸ் நூலகத்தை வைத்து ஜாவா டீசீரியலைசேஷனைத் தாக்கலாம் என்று அம்பலமான பிறகு, பைட்டாக எழுதி எடுப்பதன் மேல் யாருக்கும் பழைய நம்பிக்கை இல்லை, அதுவும் ஒரு நியாயம்தான். ஆனால் ஜேசனும் ஒரு போட்டோதான். கூடவே "மாநிலத்துக்குள்ளா" என்று கேட்டால் பதில் சொல்கிற மெத்தட் அதில் கிடையாது. பதிலை ஒர்க்கர் முன்கூட்டியே கணக்கிட்டு ஜேசனில் போட்டுத்தர வேண்டும். நான் மேலே சொன்ன ஒற்றைப் பதில் பழக்கத்துக்கு வந்துவிட்டவர்களுக்கு இந்த மாற்றம் வலிக்காது.

என் மாதிரியில் இன்னும் ஒரு முடிச்சு அவிழவில்லை. எதிர்பார்த்த விலை வராத லாட்டை விவசாயி திரும்ப எடுத்துக்கொண்டு, கையால் பிரித்து, இரண்டு லாட்டாக அடுத்த ஏலத்துக்கு விடுகிறார் என்றால், பழைய புராசஸின் ஆப்ஜெக்ட் எந்த லாட்டுக்குச் சொந்தம்? சித்தியிடம் கேட்டேன். "பிரிச்ச பிறகு ஏதுடா பழைய லாட்டு, சாக்குதான் பழசு" என்றார். அதன்படி பழைய புராசஸை மூடிவிட்டு இரண்டு புதிதாகத் தொடங்கும்படி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.